வீட்டில் சுருட்டுச் சுற்றும் சகோதரிகளுக்கு

கையில் ஒரு தொழில்



தையல், பனையோலை வேலை, மா இடித்து விற்றல் என்று இந்தப் பக்கத்தில் பல தொழில்களைப் பார்த்திருக்கிறோம். இம்முறை சுருட்டுச் சுற்றுதல். "பெண்களின் நலனுக்காக வரும் பத்திரிகையில் புகையிலையா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுருட்டுக் குடிப்பது நல்லதென்று நாம் சொல்லப்போவதில்லை. ஆனால் துணையை இழந்து, வாசலைத் தாண்டிப் போய் வேலை செய்ய முடியாமல், சின்னப் பிள்ளைகளையும் வயதான தாயையும் பார்த்துக்கொண்டு, கூலிக்குச் சுருட்டுச் சுற்றி அடுப்பெரிக்கும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் ஏமாறாமலும் நோய்ப்படாமலும் இருக்க வேண்டும். புதிதாக இதில் இறங்க நினைப்பவர்கள் கணக்குப் பார்த்த பின்பே இறங்க வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

கொட்டிலிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு

யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே கடல் தாண்டி மலையாளக் கரைக்குப் போனது. திருவிதாங்கூர் அரசு அந்த வியாபாரத்தைத் தன் ஏகபோகத்தில் வைத்திருந்த காலமும் உண்டு. 1930களில் எங்கள் கமக்காரர் ஒன்றுசேர்ந்து மலையாளப் புகையிலைக்கென்று ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தையே உருவாக்கினார்கள். மற்றொரு பக்கம், யாழ்ப்பாணத்தவர் தென்னிலங்கைக் கிராமங்களில் சுருட்டுக் கடை வைத்தார்கள். அங்கே வயலில் பாடுபடும் சிங்கள விவசாயிகளின் வாயில் எங்கள் சுருட்டு புகைந்தது.

அந்நாளில் சுருட்டுச் சுற்றும் இடம் கொட்டில். ஆண்கள் வரிசையாக இருந்து சுற்றுவார்கள். ஒருவர் பத்திரிகையோ கதைப் புத்தகமோ உரத்து வாசிப்பார். மற்றவர்கள் கையால் சுற்றியபடி காதால் கேட்பார்கள். கியூபா நாட்டின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் இதே வழக்கம் 1865 இல் தொடங்கியது. கேட்டார்கள், கதைத்தார்கள், கூலி குறைந்தபோது சேர்ந்து நின்றார்கள். சங்கம் கட்டினார்கள்.

பிறகு யுத்தம் வந்தது. 1983 இல் தெற்கில் கடைகள் எரிந்தன. 1990 இல் பாதை அடைபட்டது. 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. 2002 இல் திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. தெற்குச் சந்தையை நம்பியிருந்த தொழில் ஒவ்வொரு தடவையும் அடி வாங்கியது. இலையை வீட்டுக்குக் கொடுத்து, சுற்றியதை எண்ணி வாங்கும் முறை முதலாளிக்கு இலாபமானது. அவருக்குக் கொட்டில் செலவில்லை, விளக்குச் செலவில்லை, சங்கமும் இல்லை. நாங்களோ ஆளுக்கொரு திண்ணையில் தனித்தனியாக இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன கூலி கிடைக்கிறது என்பதுகூட எங்களுக்குத் தெரிவதில்லை. இந்தத் தொழிலில் எங்கள் பெரிய பலவீனம் இதுதான்.

வேலையைச் சரியாகச் செய்வது எப்படி?

கழிவுச் சுருட்டுக்குக் கூலி இல்லை. ஆகவே கழிவைக் குறைப்பதுதான் முதலாவது சம்பாத்தியம்.

இலை தெரிதல்: குடிலில் புகையூட்டிப் பதப்படுத்திய இலையைப் பிரித்து வையுங்கள். கிழிசலும் ஓட்டையும் இல்லாத, அகலமான, மெல்லிய இலை வெளிச்சுற்றுக்கு. சிறியதும் கிழிந்ததும் உள்ளுக்கு. நல்ல இலையை உள்ளே வைத்து வீணாக்கினால் கடைசியில் வெளிச்சுற்றுக்கு இலை போதாமல் போகும். அந்தக் குறையும் உங்கள் கணக்கில்தான் விழும்.

பதம்: காய்ந்த இலை தொட்டால் நொறுங்கும். முதல்நாள் பின்னேரம் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடி வைத்தால் காலையில் துணிபோல வளையும். பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. வெளிச்சுற்று இலை ஈரமாகவும், உள் இலை சற்று உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். உள் இலையும் ஈரமானால் சுருட்டு பூஞ்சணம் பிடிக்கும், நெருப்பும் பிடிக்காது. கோடா தெளிப்பதானால் அளவோடு தெளியுங்கள். அதிகமானால் இலை பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

காம்பு நீக்கல்: இலையை நீளவாட்டில் மடித்து, நுனியிலிருந்து அடி நோக்கி நடுக்காம்பை இழுத்தால் இலை இரண்டு பாதியாகும். இடப் பாதியையும் வலப் பாதியையும் வேறு வேறாக அடுக்குங்கள். இரண்டின் நரம்போட்டமும் எதிரெதிர். ஒன்றை இடப்பக்கமாகவும் மற்றதை வலப்பக்கமாகவும் சுற்றினால் நரம்பு சுருட்டின் நீளத்தோடு படிந்து மேற்பரப்பு அழகாக வரும். கலந்து வைத்தால் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பதிலேயே நேரம் போகும்.

சுற்றுதல்: உள் இலையை நீளவாக்கில் அடுக்கடுக்காக மடித்துக் கையில் சேருங்கள். முறுக்கிப் பிழியக்கூடாது. காற்றுப் போக வழி இருந்தால்தான் புகை வரும். இறுக்கினால் இழுக்காது, தளர்ந்தால் ஒரு பக்கமாக எரியும். வெளி இலையைச் சாய்வாக வெட்டி, நரம்புப் பக்கம் உள்ளே வரும்படி பலகையில் விரித்து, பற்றவைக்கும் முனையிலிருந்து தொடங்கி, உள்ளங்கையால் உருட்டிக்கொண்டு, விளிம்பின்மேல் விளிம்பு ஏறும்படி சுற்றுங்கள். வாயில் வைக்கும் முனையில் பசை தொட்டு முடியுங்கள். பசைக்குக் கோதுமை மாக் கஞ்சி போதும்.

காயவைத்தல்: அளவுக் குச்சி வைத்து வெட்டி, நிழலில் காற்றாட வையுங்கள். கடும் வெயிலில் வைத்தால் மேலிலை வெடிக்கும். புகையிலை வண்டு எனப்படும் சிறிய மண்ணிற வண்டு துளைபோட்டால் கட்டு முழுவதும் கழிவு. மூடி இறுகிய தகரத்தில் வையுங்கள். பழைய தூளையும் குப்பையையும் அன்றன்றே அகற்றுங்கள்.

கணக்குப் பார்ப்போம்

இதோ ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் கணக்கு விளங்குவதற்காக எடுத்தவை. உங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஆயிரம் சுருட்டுக்கு 2,500 ரூபா கூலி என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 400 சுற்றினால் 1,000 ரூபா. அதில் 40 கழிவென்று ஒதுக்கினால் மிச்சம் 360, கூலி 900 ரூபா. பசை, நூல், விளக்கு, கொண்டுபோய்க் கொடுக்கும் பஸ் செலவு என 70 ரூபாவைக் கழித்தால் 830. சுற்ற 8 மணித்தியாலம். இலை தெரிய, நனைக்க, காம்பு நீக்க இன்னும் 3 மணித்தியாலம். ஆக 11 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 75 ரூபா அளவில்தான் வருகிறது.

இதை எதனோடு ஒப்பிடுவது? தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் 2016 இல் வந்தது. 2025 இல் அது திருத்தப்பட்டு, ஆகக்குறைந்த நாட்கூலி 2025 ஏப்ரலிலிருந்து 1,080 ரூபா என்றும், 2026 ஜனவரியிலிருந்து 1,200 ரூபா என்றும் ஆனது. 1,200 ரூபாவை 8 மணித்தியாலத்தால் பிரித்தால் 150. எங்கள் மாதிரிக் கணக்கில் வந்தது அதில் பாதி. உங்கள் கணக்கிலும் இப்படி வந்தால், அந்தக் கூலி காணாது என்று சொல்ல உங்களிடம் காரணம் இருக்கிறது.

பலர் காணாமல் விடும் இன்னொரு கணக்கு இலை நிறை. முதலாளி ஈர இலையை நிறுத்துத் தருவார், சுருட்டைக் காய்ந்தபின் நிறுத்து வாங்குவார். இடையில் ஆவியாய்ப் போன தண்ணீரின் நிறையும் "இலை குறைந்துவிட்டது" என்று உங்கள் தலையில் விழும். ஆகவே இலை வாங்கும்போது அது எந்த அளவு ஈரம் என்பதை அவருக்கு முன்னால் சொல்லிக் கொப்பியில் எழுதுங்கள். திகதி, இலை நிறை, கொடுத்த எண்ணிக்கை, கழித்த எண்ணிக்கை, பெற்ற பணம் என்று ஐந்து நிரல் போதும். கழித்த சுருட்டை முதலாளி கூலி கொடாமல் தானே வைத்துக்கொள்வதானால், "கழிவென்றால் உடைத்துத் திருப்பித் தாருங்கள்" என்று கேளுங்கள். கூலி கொடாமல் எடுத்து விற்பது கழிவல்ல.

எங்கள் நாட்டில் 1941ஆம் ஆண்டின் வேதனச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்ச் சுருட்டு உற்பத்தித் தொழிலுக்கென்றும் வேதனச் சபை அமைக்கப்பட்டது. துண்டுக்கூலிக்கு வேலை செய்பவர்களும் ஊழியர் சேமலாப நிதிக்கு உரியவர்கள். அதில் முதலாளி செலுத்த வேண்டியது 12 வீதம், தொழிலாளியிடம் கழிப்பது 8 வீதம். "வீட்டில் இருந்து செய்பவள் தொழிலாளி அல்ல" என்று கழற்றிவிடப் பார்ப்பார்கள். அதை அவர் வாயிலிருந்து கேட்டு விட்டுவிடாமல், கொப்பியையும் கொண்டு மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். தனியாகப் போகாமல் நாலைந்து பேராகப் போங்கள்.

உடம்பு முக்கியம்

புகையிலையில் உள்ள நிக்கொட்டின் நஞ்சு. ஈர இலையிலிருந்து அது தோலின் வழியாகவே உடம்புக்குள் போகும். நாள் முழுதும் ஈர இலை பிடித்தபின் தலைச்சுற்று, குமட்டல், வாந்தி, தலையிடி வந்தால் "வெயில் குடித்துவிட்டேன்" என்று விட்டுவிடாதீர்கள். வேலையை நிறுத்தி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பை மாற்றுங்கள். குறையாவிட்டால் வைத்தியசாலைக்குப் போய், புகையிலை வேலை செய்ததைச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிச் சகோதரிகள் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது. நிக்கொட்டின் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும், தாய்ப்பாலுக்கும் போகும். பால் கொடுக்கும் தாய் வேறு வழியின்றிச் செய்வதானால், கையுறை போடுங்கள். கையும் நெஞ்சும் கழுவி, உடுப்பு மாற்றிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள்.

இலையைப் படுக்கும் அறையில் அடுக்காதீர்கள். தவழும் பிள்ளை ஒரு துண்டை விழுங்கினாலும் ஆபத்து. இலை நனைத்த தண்ணீர் பூச்சி கொல்லும் தண்ணீர். அதைக் கிணற்றடியிலோ, ஆடு கோழி குடிக்கும் இடத்திலோ ஊற்றக்கூடாது. காய்ந்த இலையைத் தட்டும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, வெளியில் வைத்துத் தட்டுங்கள்.

காம்பு நீக்குவது லேசான வேலை என்று பிள்ளைகளைக் கூட்டி வைக்கும் வழக்கம் உண்டு. சின்ன உடம்பில் நஞ்சு விரைவாக ஏறும். பாடம் படிக்கும் நேரமும் போகும். நாளைக்கு ஐம்பது சுருட்டுக் குறைந்தாலும் பரவாயில்லை, பிள்ளையை இலைக்கு முன்னால் இருத்தாதீர்கள்.

இன்னொன்று, சுற்றும்போது ஒரு துண்டைக் கிள்ளி வெற்றிலையோடு போடும் பழக்கம். எங்கள் நாட்டில் வாய்ப்புற்றுநோய் அதிகம் என்பதற்கு வெற்றிலையும் புகையிலையும் பெரிய காரணம். வாயில் வெள்ளைத் தழும்போ சிவப்புத் தழும்போ, மூன்று கிழமையாகியும் ஆறாத புண்ணோ, வாய் திறக்கக் கஷ்டமோ இருந்தால் உடனே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டால் மாற்றலாம். சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்பதும் தவறு. அதுவும் வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்களைத் தரும்.

சொந்தமாகச் சுற்றி விற்க நினைத்தால்

இலை வாங்கித் தாமே சுற்றி விற்றால் நடுவில் உள்ளவரின் பங்கு மிஞ்சும் என்பது உண்மை. ஆனால் சட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். விளம்பரமும் செய்யக்கூடாது. அனுமதி, வரி பற்றிப் பிரதேச செயலகத்திலும் மதுவரித் திணைக்களத்திலும் கேட்டறிந்த பின்பே முதல் போடுங்கள். இதற்கென்று நகையை அடைவு வைப்பதோ, கிழமைக் கடன் எடுப்பதோ வேண்டாம். சுருட்டுக் குடிப்பவர்கள் வயதானவர்கள். இளையோர் இதைத் தொடுவதில்லை, அது நல்லதும்கூட. சுருங்கும் சந்தைக்குக் கடன்பட்டால் கடன் மட்டும் மிஞ்சும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை 2003 இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 17ஆம் உறுப்புரை, புகையிலையை நம்பி வாழும் தொழிலாளருக்கும் கமக்காரருக்கும் மாற்று வாழ்வாதாரம் காண உதவ வேண்டும் என்கிறது. வாழ்வாதார உதவி பற்றிய கூட்டங்களுக்கு உத்தியோகத்தர்கள் வரும்போது இந்த உறுப்புரையைச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல.

முதலில் ஒன்று செய்யலாம். உங்கள் குறிச்சியில் சுருட்டுச் சுற்றும் ஐந்தாறு பேர் கிழமையில் ஒரு பின்னேரம் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடியிருந்து சுற்றுங்கள். ஆளுக்காள் கூலியை ஒளிக்காமல் சொல்லுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் விடயத்தை எடுத்துக் கதையுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருத்தி, இலையைத் தொடாமல் தள்ளி இருந்து, இந்தப் பத்திரிகையை உரத்து வாசிக்கட்டும்.

அடுத்த மாதம்: வீட்டில் ஊறுகாய் போட்டு விற்றல். போத்தல் கழுவுவதிலிருந்து விலை போடுவது வரை.