வாந்தி எடுத்ததும் பல் விளக்காதீர்கள்!



"காலையும் இரவும் பல் விளக்க வேண்டும்." ஒன்றாம் வகுப்பிலிருந்து இதைப் படிக்கிறோம். சரிதான். ஆனால் எப்போது விளக்கக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? அதையும் சொல்லித் தர வேண்டும் என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

என் பெரியம்மா மகள் காலேஜில் படிக்கிறார். (பேர் எழுத மாட்டேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) பொங்கலுக்கு வந்தப்போ கரும்பைத் தொடவே இல்லை. தண்ணி குடிச்சாக்கூட பல் கூசுதுன்னாங்க. "ஒழுங்கா பல்லு விளக்குனாத்தானே!" என்று பெரியம்மா எல்லார் முன்னாடியும் திட்டினார். அக்கா ஒண்ணும் பேசலை.

உண்மையில் எங்க வீட்டிலேயே அதிகமா பல் விளக்குறது அக்காதான். குண்டாயிடுவோமோன்னு பயந்து, சாப்பிட்டதை யாருக்கும் தெரியாம வாந்தி எடுத்திருக்காங்க. வாடை தெரியக் கூடாதுன்னு உடனே பிரஷ் போட்டு அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. பாவம், பல் அதனாலேயும் கெட்டுப் போச்சு.

இது திமிரும் இல்லை, அழகுப் பைத்தியமும் இல்லை. இது ஒரு நோய். 1979-ல் லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் இதற்கு 'புலிமியா நெர்வோசா' என்று பெயர் வைத்தார். பெண்களுக்கும் வரும், ஆண்களுக்கும் வரும். பார்த்தால் நல்லா இருக்கிற மாதிரியே தெரிவார்கள்.

நம் வயிற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதன் பி.எச். மதிப்பு சுமார் 2. வாயில் பி.எச். 5.5-க்குக் கீழே போனாலே பல்லின் எனாமல் கரைய ஆரம்பிக்கும். வாந்தி எடுக்கும்போது இந்த அமிலம் பல்லில் படுகிறது, முக்கியமாக மேல் முன்பற்களின் உள்பக்கம். எனாமல் இளகியிருக்கும் அந்த நேரத்தில் தேய்த்தால் அதுவும் சேர்ந்து தேய்ந்து போகும். நகம் மாதிரி எனாமல் திரும்ப வளராது. போனது போனதுதான்.

அப்போ என்ன செய்யணும்? முதலில் நல்லா வாய் கொப்பளிக்கணும். தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்துத் துப்பினால் இன்னும் நல்லது, அது அமிலத்தை முறிக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, மெத்தென்ற பிரஷில் ஃபுளூரைடு பேஸ்ட் வைத்து மெதுவாக விளக்கலாம். இவ்வளவுதான்.

"இதையெல்லாம் ஸ்கூல்ல சொன்னா பிள்ளைங்க கெட்டுப் போயிடாதா?" என்று என் தோழி கேட்டாள். என் பதில் இது. வாந்தி எடுக்க யாரும் கற்றுத் தரப் போவதில்லை. காய்ச்சலில், பஸ் பயணத்தில், மசக்கையில் எல்லாரும்தான் வாந்தி எடுக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னால், நோயை மறைத்து வைத்திருக்கும் ஒருத்தியும் யாரும் தன்னைப் பார்க்காமலே அதைத் தெரிந்துகொள்வாள்.

ஆனால் கொப்பளித்தால் பல்லுக்குத்தான் கொஞ்சம் பாதுகாப்பு. நோய் போகாது. அதற்கு மனநல மருத்துவர் வேண்டும். அக்காவைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனப்போ, அவர் திட்டவில்லை. பெரியம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "அடிக்கடி வாந்தி வருதாம்மா?" என்று மட்டும் கேட்டாராம். அக்கா அழுதுகொண்டே எல்லாம் சொல்லியிருக்கிறார். இப்போது சிகிச்சை நடக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாதவர்கள் 14416-க்குப் பேசலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். அக்காவுக்கு முதலில் சொல்லுதான் போச்சு, அப்புறம்தான் பல்லு. திட்டுகிற இடத்தில் யார் வாயைத் திறப்பார்கள்?

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பல் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாந்தி எடுத்ததும் பல் விளக்காதே, கொப்பளி. அடிக்கடி வாந்தி வந்தால் பயப்படாமல் வந்து சொல், திட்ட மாட்டோம்.

தோழிகளே, யாரையும் 'குண்டு', 'குச்சி' என்று கேலி செய்யாதீர்கள். அக்காவுக்கு அதில்தான் ஆரம்பித்ததாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி