கனவென்று சொல்வது யாருக்கு வசதி?

திகில் படங்களில் நமக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. கொடூரம் உச்சத்தைத் தொடும் நேரத்தில் கதாநாயகி அலறிக்கொண்டு படுக்கையில் எழுந்து உட்காருவாள். நெற்றியெல்லாம் வியர்வை, ஜன்னலில் விடிந்த வெளிச்சம். அரங்கமே பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சைத் தர மறுக்கிற படங்கள் ஜெர்மனி, செக்கோஸ்லோவாகியா, ஜப்பான், அமெரிக்கா என்று பல நாடுகளில் நூறாண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. தூக்கம் எங்கே முடிந்தது, விழிப்பு எங்கே தொடங்கியது என்று அவற்றில் கோடு கிழிக்க முடியாது. இப்போது அவை கைப்பேசிக்கே வந்துவிட்டன. பார்த்து முடித்த கையோடு பலரும் தேடுவது முடிவுக்கு விளக்கம் சொல்லும் காணொளியைத்தான். எது கனவு, எது நிஜம் என்று யாராவது பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால், இவ்வகையில் ஆகச் சிறந்த படங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்றே நினைக்கிறேன். நடந்ததைக் கனவு என்று சொல்லிவிட்டால் யாருக்கு வசதி என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1920இல் பெர்லினில் வெளியான ‘தி கேபினட் ஆஃப் டாக்டர் காலிகரி’ ஒரு சிறு நகரத்துத் திருவிழாவில் தொடங்குகிறது. காலிகரி என்பவர் தூக்கத்தில் நடக்கும் ஓர் இளைஞனைப் பெட்டியில் வைத்து வித்தை காட்டுகிறார். இரவில் அவனை ஏவிக் கொலை செய்யவைக்கிறார். ஃபிரான்சிஸ் என்ற இளைஞன் அவரைத் துரத்திச் சென்றால், அவர்தான் மனநலக் காப்பகத்தின் இயக்குநர் என்பது தெரியவருகிறது. அதிகாரத்தில் இருப்பவனே கொலைகாரன். படம் அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஃபிரான்சிஸே அந்தக் காப்பகத்தின் நோயாளி என்று கடைசியில் காட்டிவிடுகிறார்கள். குற்றச்சாட்டு பைத்தியக்காரனின் பிதற்றலாகிறது, குற்றவாளி கருணையுள்ள மருத்துவராகிறார். முதல் உலகப் போருக்குப் பிறகு அதிகாரத்தின் மேல் வெறுப்போடு எழுதப்பட்ட கதையை இந்தச் சட்டகம் தலைகீழாக்கிவிட்டது என்று திரைப்பட விமர்சகர் சீக்ஃபிரீட் கிராக்காவர் 1947இல் எழுதினார். பிற்காலத்தில் கிடைத்த மூலத் திரைக்கதையில் வேறு மாதிரியான சட்டகம் ஏற்கெனவே இருந்தது தெரியவந்ததால், அவர் சொன்ன வரலாறு முழுமையானதல்ல என்று இன்று அறிவோம். ஆனால், திரையில் இருக்கும் படத்தைப் பொறுத்தவரை அவர் கண்டது சரிதான். கிராக்காவர் போதிய கவனம் கொடுக்காத விஷயம் ஒன்றும் அந்தப் படத்திலேயே இருக்கிறது. ஃபிரான்சிஸ் சொல்லும் கதை முழுக்கச் சுவர்கள் சாய்ந்திருக்கும், ஜன்னல்கள் கோணியிருக்கும், நிழல்கள்கூடத் தரையில் வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்கும். அதெல்லாம் பித்தனின் பார்வை என்றால், கதை முடிந்து ‘நிஜ’ உலகுக்கு வந்ததும் கோணல் நிமிர வேண்டும். நிமிரவில்லை. காப்பகத்தின் முற்றம் கதையில் பார்த்த அதே முற்றமாகத்தான் இருக்கிறது. மருத்துவரின் சொல்லை நம்புங்கள் என்கிறது கதை, நம்பாதீர்கள் என்கின்றன சுவர்கள்.

1968இல் வந்த ‘ரோஸ்மேரிஸ் பேபி’யில் ஒரு பெண் அரைமயக்கத்தில் தான் வன்புணரப்படுவதை உணர்கிறாள். அந்தக் காட்சி கப்பலும் கடலும் முகங்களும் கலங்கி ஓடும் கனவாகவே படமாக்கப்பட்டிருக்கிறது. காலையில் உடம்பில் நகக்கீறல்கள். அவள் தூங்கும்போது தானே செய்ததாகக் கணவன் சாதாரணமாகச் சொல்கிறான். பிறகு அவளுடைய ஒவ்வொரு சந்தேகத்தையும் கர்ப்ப காலத்து மனக்குழப்பம் என்று மருத்துவர்களும் தள்ளிவிடுகிறார்கள். கடைசியில் அவள் சந்தேகப்பட்டதே சரி. அதை இயக்கிய போலன்ஸ்கி பின்னாளில் ஒரு சிறுமி மீதான குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, தண்டனைக்கு முன் 1978இல் அமெரிக்காவை விட்டு ஓடியவர் என்பதை மறந்துவிட்டு இந்தப் படத்தைப் புகழ என்னால் முடியாது. ஆனாலும், ‘அது வெறும் கனவு’ என்ற சொற்றொடர் எப்படி ஓர் ஆயுதமாகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படம் வேறில்லை.

நிஜ வாழ்விலிருந்தே ஓர் உதாரணம் தர முடியும். லாவோஸில் அமெரிக்க உளவுத் துறை நடத்திய ரகசியப் போரில் அதன் பக்கம் நின்று போரிட்ட மோங் மக்கள், 1975க்குப் பிறகு அகதிகளாக அமெரிக்கா சேர்ந்தார்கள். நோய்நொடியில்லாத மோங் ஆண்கள் சிலர் அங்கே தூக்கத்திலேயே இறந்துபோகத் தொடங்கினார்கள். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1981இல் இந்த மரணங்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. மார்பின் மேல் ஏறி அழுத்தும் ஆவியை மோங் மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். நம் ஊரில் அதை அமுக்குவான் பேய் என்பார்கள். இத்தகைய மரணங்கள் பலவற்றுக்கு இதயத் துடிப்பு தடுமாறும் பரம்பரைக் குறைபாடு காரணமாக இருக்கலாம் என்று மருத்துவம் பின்னர் கண்டது. இந்த மரணங்களைப் பற்றிய நாளிதழ்ச் செய்திகளிலிருந்துதான் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ (1984) படத்தின் கரு தனக்குக் கிடைத்ததாக அதன் இயக்குநர் வெஸ் கிரேவன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தில் அகதிகள் இல்லை, நடுத்தர வர்க்க அமெரிக்கப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். அது ஒரு பெரிய இழப்பு. ஆனால், அந்த வரலாற்றின் சாரம் ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. ‘கெட்ட கனவு, தூங்கு’ என்று பிள்ளைகளை அதட்டும் அதே பெற்றோர்தான், ஒரு காலத்தில் கூட்டமாகச் சேர்ந்து ஒருவனை உயிரோடு எரித்துவிட்டு அதை மறைத்தவர்கள். பிள்ளைகளின் கனவில் வருபவன் அவன்தான்.

இப்படிப்பட்ட வாசிப்பை மறுப்பவர்கள் உண்டு. ஒழுங்காகக் கதை சொல்லத் தெரியாதவர்கள் கனவு என்ற போர்வையில் எதையாவது காட்டிவிட்டுப் போகிறார்கள், அதற்கு விமர்சகர்கள் அரசியல் பொழிப்புரை எழுதுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. புகைமூட்டமும் தலைகீழ் கேமராவும் இருந்தால் போதும் என்று எடுக்கப்பட்ட படங்கள் ஏராளம். எல்லாவற்றுக்கும் திறவுகோல் தேடுவதும் தவறு. நொபுஹிகோ ஓபயாஷியின் ‘ஹவுஸ்’ (1977) இந்த வாதத்துக்கு வசதியான இலக்காகத் தெரியும். ஏழு பள்ளிச் சிறுமிகள் விடுமுறைக்கு ஒருத்தியின் பெரியம்மா வீட்டுக்குப் போகிறார்கள். பியானோ ஒருத்தியைத் தின்கிறது, வெட்டுண்ட தலை பறந்து வந்து கடிக்கிறது, எல்லாம் குழந்தை வெட்டி ஒட்டிய காகிதப் படம் போல. உண்மையில் பல யோசனைகளைக் கொடுத்தது இயக்குநரின் சின்ன மகள்தான். இதில் என்ன பொருள் இருக்க முடியும்? அந்தப் பெரியம்மா யார் என்று பாருங்கள். போருக்குப் போன காதலன் திரும்பி வருவான் என்று காத்திருந்து, காத்திருந்தபடியே செத்து, செத்த பிறகும் காத்திருப்பவள். அவள் தின்பது போரைப் பற்றி எதுவும் தெரியாமல் பிறந்து வளர்ந்த பெண்களை. ஓபயாஷி ஹிரோஷிமா மாகாணத்தில் 1938இல் பிறந்தவர். பியானோ என்றால் அணுகுண்டு, படத்தில் வரும் பூனை என்றால் ராணுவம் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் படம் செத்துவிடும். ஒரு தலைமுறை விழுங்கிக்கொண்ட துக்கம் அடுத்த தலைமுறைக்குப் புரியாத பூதமாகத்தான் வந்து சேரும் என்பதை, புரியாத பூதமாகவே காட்டுகிறது படம். அதைவிட நேர்மையான வடிவம் அந்த விஷயத்துக்குக் கிடைக்காது.

சோம்பலுக்கும் கலைக்கும் உள்ள வித்தியாசத்தை அறிய ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், யுராய் ஹெர்ஸ் 1969இல் இயக்கிய செக் படத்தைச் சொல்வேன். ஆங்கிலத்தில் ‘தி கிரிமேட்டர்’, பிணம் எரிப்பவர். லாடிஸ்லாவ் ஃபுக்ஸின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. 1930களின் பிராக் நகரம். தகன நிலையத்தில் வேலை பார்க்கும் கோப்ஃபர்கிங்கல் மென்மையாகப் பேசுபவர், குடும்பத்தின் மேல் பாசம் கொட்டுபவர், குடியோ புகையோ இல்லாதவர். பிணத்தின் தலையைச் சீவிவிட்ட சீப்பால் தன் தலையையும் சீவிக்கொள்வார். திபெத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, எரிப்பதே ஆன்மாவுக்கு விடுதலை என்று நம்புகிறவர். நாஜிகள் நெருங்கும்போது ஒரு நண்பன் அவருடைய ‘ஜெர்மானிய ரத்தத்தை’ நினைவூட்டுகிறான், மனைவியின் யூத ரத்தத்தையும். திபெத்தியத் துறவி உருவில் அவரே அவர் முன் தோன்றி, நீதான் அடுத்த புத்தர் என்கிறார். படத்தொகுப்பில் ஒரு கறாரான விதி இருக்கிறது. ஓர் இடத்தில் அவர் பேசிக்கொண்டிருப்பார். முகம் நெருக்கத்தில் வரும். கேமரா விலகும்போது அவர் வேறொரு இடத்தில், வேறொருவரிடம் அதே பேச்சைத் தொடர்ந்துகொண்டிருப்பார். வீட்டிலிருந்து மிருகக்காட்சிசாலைக்கும், தகன நிலையத்திலிருந்து நாஜிகளின் கூட்டத்துக்கும் எங்கே தாண்டினோம் என்பதே தெரியாது. கனவில் இடம் மாறுவது இப்படித்தான். ஒரு சாதாரண மனிதன் கொலைகாரனாவதும் இப்படித்தான். கடந்துவந்த வாசற்படி அவன் கண்ணில் படுவதேயில்லை.

இந்த இடத்தில் வலுவான ஆட்சேபணை ஒன்று எழும். நாஜிக் கொடுமை கனவல்ல. அதற்குக் கோப்புகள் உண்டு, கையெழுத்துகள் உண்டு, ரயில் அட்டவணைகள் உண்டு. அதை மயக்கமூட்டும் பிம்பங்களாக மாற்றினால் பொறுப்பு கரைந்துபோகாதா? ஹெர்ஸ் சிறுவனாக ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமில் இருந்தவர் என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. பட்டவர் என்பதாலேயே ஒருவர் எடுத்த படம் சரியாகிவிடாது. பதில் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் கனவு காண்பவர் கோப்ஃபர்கிங்கல் ஒருவர்தான். அவர் அன்பு மாறாத குரலில் மனைவியின் கழுத்தில் சுருக்கை மாட்டும்போது அவளுக்கு எந்தத் துறவியும் தோன்றுவதில்லை. தகன நிலையத்தில் மகனை அடிக்கும்போது அந்தச் சிறுவனுக்கு எந்த விடுதலையும் தெரிவதில்லை. செத்தவர்களுக்கு அது முழு நிஜம், கொன்றவனுக்கு மட்டுமே கனவு. கனவு காண்கிற சௌகரியம் யாருக்கு வாய்த்தது என்பதைக் காட்டுவதுதான் பொறுப்பைச் சுமத்துவதற்கான முதல் வேலை. கோப்பில் இருக்கும் கையெழுத்து அதைச் சொல்லாது. செக்கோஸ்லோவாகியாவின் ஆட்சியாளர்களுக்கு இது புரிந்திருக்க வேண்டும். சோவியத் படைகள் நுழைந்த மறுவருடம் வெளியான இந்தப் படம் பிறகு முடக்கப்பட்டு, 1989 வரை மக்கள் கண்ணில் படாமல் இருந்தது. அதன் கடைசிக் காட்சியில் நாஜிகளின் கார் ஒன்று பிணம் எரிப்பவரை ஏற்றிக்கொண்டு செல்கிறது, பெரிய உலைகளைக் கட்டும் வேலைக்கு. எல்லோரையும் காப்பாற்றப்போகிறேன் என்ற நிறைவு அவர் முகத்தில். முன்னால் அவர் மனத்தில் எழுந்த திபெத்திய அரண்மனை. பின்னால், படம் முழுக்க வாய் திறவாமல் வந்துபோன கறுப்பு உடைப் பெண்ணை விட்டுவிட்டுக் கார் நகர்கிறது. யாரும் அலறவில்லை, யாரும் விழித்துக்கொள்ளவில்லை.