எந்த ஊர் மலிவு? யாருக்கு மலிவு?

எங்கள் பெரியப்பா மகன் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்குத் திருச்சியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். போன மாதம் போன் செய்து, "தம்பி, லேப்டாப் இருந்தா எந்த ஊர்ல வேணும்னாலும் உட்கார்ந்து வேலை பார்க்கலாமாம்டா. தாய்லாந்துல சியாங் மாய், ஜார்ஜியாவுல திபிலீசி, போர்ச்சுகல்ல லிஸ்பன். மூணுல எது மலிவுன்னு பார்த்துச் சொல்லு" என்றார். செமஸ்டர் விடுமுறை, வேறு வேலையும் இல்லை. ஒரு அட்டவணை போட உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் கேள்வியே சரியில்லை என்று புரிந்தது.

விலைவாசியை ஒப்பிட நம்பியோ போன்ற தளங்கள் இருக்கின்றன. நியூயார்க்கை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற ஊர்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். விலைகளில் பெரும்பகுதி அங்கே வந்து போகிறவர்கள் தாங்களே பதிவு செய்வது. வருஷ ஒப்பந்தத்தில் உள்ளூர்க்காரர் கொடுக்கும் வாடகை வேறு. கட்டில், இணையத்தோடு மூன்று மாதத்துக்கு வெளியூர்க்காரர் எடுக்கும் வீட்டின் வாடகை வேறு. ஒரே எண் இருவருக்கும் எப்படிப் பொருந்தும்?

சரி, வாடகையை விடுங்கள். முதலில் உள்ளே விட வேண்டுமே! போர்ச்சுகல் 2022 அக்டோபரில் இதற்கென்றே தனி விசா கொண்டு வந்தது. அந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல் நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்கில் 870 யூரோவுக்கு நான்கு மடங்கு, மாதம் 3480 யூரோ. அண்ணாவின் சம்பளம் அதைத் தொடாது. தாய்லாந்து 2024இல் அறிமுகப்படுத்திய விசா ஐந்து வருஷம் செல்லும், ஒரு முறை போனால் 180 நாள் தங்கலாம். ஆனால் வங்கியில் 5 லட்சம் பாத் காட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. ஜார்ஜியா பல நாட்டுக்காரர்களை விசாவே இல்லாமல் ஒரு வருஷம் தங்க விடுகிறது என்று எல்லோரும் புகழ்கிறார்கள். அந்தப் பட்டியலில் இந்திய பாஸ்போர்ட் இல்லை! ஐரோப்பியர் எழுதிய பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு நாம் பெட்டி கட்டினால் இதுதான் கதி :-)

அடுத்தது கடிகாரம். அண்ணாவின் அலுவலகம் நியூயார்க் நேரப்படி காலை 9 முதல் மாலை 5 வரை. கோடைக்கால நேரப்படி திருச்சியில் அது மாலை 6.30 முதல் இரவு 2.30. திபிலீசியில் மாலை 5 முதல் இரவு 1. லிஸ்பனில் பிற்பகல் 2 முதல் இரவு 10, மனிதன் மனிதனாக வாழலாம். சியாங் மாயிலோ இரவு 8 முதல் விடிகாலை 4! மூன்றில் மலிவு என்று பெயர் வாங்கிய ஊர், தூக்கக் கணக்கில் திருச்சியை விட மோசம். இதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை.

மூன்றாவது, மூச்சு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட தாய்லாந்தில் வயல்களும் காடுகளும் எரியும் காலம். சியாங் மாயைச் சுற்றி மலை, புகை வெளியே போகாது. உலகிலேயே காற்று மோசமான நகரங்களின் வரிசையில் சில நாட்கள் அது முதலிடத்துக்கே வந்துவிடுகிறது. வசதி உள்ளவர்கள் அப்போது தெற்கே தீவுகளுக்குப் போய்விடுகிறார்கள். அதாவது அந்த மாதங்களில் இரண்டு வாடகை.

கடைசியாக, என்னைச் சங்கடப்படுத்திய விஷயம். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவிலிருந்து ஏராளமானவர்கள் திபிலீசிக்கு வந்தார்கள். பலருக்குக் கையில் லேப்டாப் வேலை. வாடகை சட்டென்று ஏறியது. என்னைப் போல அறை எடுத்துப் படிக்கும் ஒரு திபிலீசி மாணவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? லிஸ்பனில் 2023 ஏப்ரல் 1 அன்று வீட்டு வாடகையைக் கண்டித்து ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். அந்த வருஷம் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 760 யூரோ. வெளிநாட்டிலிருந்து சம்பளம் வாங்குகிறவர் அதே வீட்டுக்குப் போட்டி போட்டால் யார் ஜெயிப்பார்?

பழி முழுவதையும் இவர்கள் மேல் போடுவதும் நியாயமில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்ட வீடுகள், முதலீட்டாளருக்குக் கொடுத்த கோல்டன் விசா, போதுமான புது வீடு கட்டாதது எல்லாம் சேர்ந்துதான் லிஸ்பன் இப்படி ஆனது. வருகிறவர்கள் பணம் கொண்டு வருகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அது காபிக் கடைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் போகிறது. ஏறிய வாடகையைக் கட்டுவது குடித்தனக்காரர். நமக்கு ஓர் ஊர் மலிவாகத் தெரிகிறது என்றால் அங்கே சம்பளம் குறைவு என்று பாதி அர்த்தம்.

அதற்காகப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. எனக்கே ஆசை இருக்கிறது. 'எது மலிவு' என்று கேட்பதற்குப் பதில், முறையான விசா கிடைக்குமா, இரவில் தூங்க முடியுமா, எந்த மாதம் போவது, உள்ளூர்க்காரர் கொடுக்கும் வாடகை என்ன என்று கேட்கலாம். தரகர் சொல்லும் முதல் தொகைக்கே தலையாட்டாமல் இருந்தால் நம் பணமும் மிஞ்சும், அடுத்து வரும் உள்ளூர்க்காரருக்கும் கெடுதல் இல்லை.

இதையெல்லாம் அண்ணாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப திருச்சிதான் மலிவுங்கறியா?" என்றார்.

"இல்லண்ணா, திருச்சியில பெரியம்மா சமையலுக்கு நீங்க காசு கொடுக்கறதில்ல. அதை முதல்ல கணக்குல சேருங்க" என்றேன். போனை வைத்துவிட்டார்!