பூட்டு கடைக்கு மட்டும்தானா?

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சிக்கு ஏறுகிறவர்கள் அந்தப் பெரிய பிளவைத் தாண்டித்தான் போகவேண்டும். 24 அடி அகலம், 60 அடி ஆழம். மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்கவேண்டியதுதான். 1690-ல் முற்றுகை போட்ட மொகலாயப் படைக்குக் கோட்டை கிடைத்தது 1698-ல்! அதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இராத்திரியில் பிடித்துவிட்டார்கள். காவல் அசந்தால் மலை என்ன செய்யும்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். டீ குடிக்கிறவர் முதலில் கேட்பது, "வை-பை இருக்கா?" என்றுதான்.

"இருக்கு சார்."

"பாஸ்வேர்டு?"

"கடை போன் நம்பர்தான். மேலே போர்டுல இருக்கு பாருங்க!"

பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியைத் தொங்கவிட்ட கதை இது. செஞ்சிக் கடைத்தெரு மட்டுமல்ல, மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இருக்கும் சீயமங்கலம் வரை எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். பல வீடுகளில் அந்தப் பூட்டும் கிடையாது. சுவரைத் தாண்டித் தெரு வரைக்கும் போகிறது வை-பை அலை. வாசலில் பைக்கை நிறுத்தி உட்கார்ந்திருப்பவன் யார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியுமா?

"யாரோ ரெண்டு பாட்டு கேட்டா நமக்கென்ன நஷ்டம்?" என்பார்கள்.

நஷ்டம் என்ன என்று மும்பையைக் கேட்கவேண்டும்.

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து 50-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் டி.வி. நிலையங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீசார் போய் நின்ற இடம் நவி மும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கரின் வீடு. மனிதர் திகைத்துப் போனார். வீட்டில் சோதனை, கம்ப்யூட்டர் பறிமுதல், விசாரணை மேல் விசாரணை. கடைசியில் தெரிந்தது என்ன? பூட்டாமல் கிடந்த அவர் வீட்டு வை-பையை வேறு ஆட்கள் பயன்படுத்தியிருந்தார்கள்!

அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் மும்பையில் ஒரு கல்லூரி. செப்டம்பர் 13-ல் டெல்லி குண்டுவெடிப்பின்போது செம்பூரில் ஒரு நிறுவனம். மூன்று தடவையும் அடுத்தவர் வை-பைதான். 2009 ஜனவரியில் மும்பை போலீசார் தெருத்தெருவாகப் போய்ப் பூட்டாத வை-பைகளைத் தேடவேண்டி வந்தது.

கதவு தட்டப்படுவது யாருக்கு?

வெளியுலகத்துக்கு ஒரு வீட்டு இணைப்புக்கு ஒரே முகவரிதான். உள்ளே பத்துப் பேர் போன் வைத்திருந்தாலும் எல்லாம் அந்த ஒரே கதவு எண்ணில்தான் வெளியே போகும். பில் யார் பெயரிலோ, போலீஸ் வருவது அவர் வீட்டுக்கு. "நான் இல்லீங்க" என்று நிரூபிப்பதற்குள் கடை எத்தனை நாள் மூடியிருக்குமோ!

பெயரை மறைத்து வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாத வேலை. தேடத் தெரிந்தவனுக்கு அது நொடியில் தெரியும்.

இதில் வீட்டுக்காரரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. இணைப்புக் கொடுக்க வருகிற பையன் பெட்டியை ஆணியில் மாட்டுகிறான், "நெட் வந்துடுச்சு சார்" என்கிறான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். பெட்டிக்குள் நுழைகிற பெயரும் 'அட்மின்', சாவியும் 'அட்மின்'. அதை மாற்றவேண்டும் என்று அவன் சொல்வதில்லை. கடைக்காரருக்குக் கேட்கத் தெரிவதில்லை. கேஸ் அடுப்பு மாட்ட வருகிறவர் கசிவு பார்க்காமல் போனால் விடுவார்களா? வாடிக்கையாளரை எதிரில் உட்காரவைத்து இரண்டு சாவியையும் மாற்றிக்கொடுத்த பிறகே கையெழுத்து என்று கம்பெனிகள் விதி செய்யவேண்டும். செலவு பத்து நிமிடம்.

அதுவரை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெட்டியின் அமைப்பில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். டபிள்யூ.இ.பி. என்ற பழைய முறை 2001-லேயே உடைக்கப்பட்டது. அது இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறைந்தால் பெட்டியே ஏற்காது; பதினைந்துக்கு மேல் இருப்பது நல்லது. சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து வைத்தால் மறக்காது. போன் நம்பர், பிள்ளை பெயர், குலதெய்வம் பெயர் வேண்டாம். தெருவுக்கே தெரியும்.

வாடிக்கையாளருக்கு வை-பை கொடுக்கக்கூடாது என்பதில்லை. இப்போதைய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் விருந்தாளிக்கென்று தனி வழி உண்டு. கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் ஒரு வழியில். டீ குடிக்க வந்தவர் வேறு வழியில். அந்தச் சாவியை வாரம் ஒரு தடவை மாற்றி, கரும்பலகையில் இட்லி விலைக்குக் கீழே எழுதிப் போடலாம்.

கேமராவுக்கும் தனிச் சாவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2016-ல் 'மிராய்' என்ற திருட்டு நிரல் உலகமெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் வை-பை பெட்டிகளையும் பிடித்தது, கம்பெனி போட்ட சாவியை யாரும் மாற்றாததால்தான். திருடனைப் பிடிக்க வாங்கிய கேமரா திருடன் கையாளாக வேலை பார்த்தது!