ஆட்டோக்காரர்கள் மட்டும் நினைத்தால் போதுமா?

பெங்களூர் ஆட்டோக்களில் இன்றும் சங்கர் நாக் சிரிக்கிறார். 1990 செப்டம்பர் 30-ல் தாவணகெரே அருகே கார் விபத்தில் மாண்டபோது அவருக்கு வயது 35தான். 'ஆட்டோ ராஜா' (1980) படத்தில் ஆட்டோ ஓட்டியவரை அந்தத் தொழிலாளர்கள் மறக்கவில்லை. பாராட்ட வேண்டும்.

மற்றவர்கள்? ஹொன்னாவரில் பிறந்து, மும்பையில் மராத்தி நாடகம் பழகியவர் அவர். கிரீஷ் கர்னாடின் 'ஒந்தானொந்து காலதல்லி'தான் முதல் படம். கூலிப்படை வீரன் வேடம். அதற்கே 1979-ல் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது!

அதைவிடப் பெரிது, 1986-ல் தூர்தர்ஷனுக்கு அவர் இயக்கிய 'மால்குடி டேஸ்'. சில கதைகளில் நடிக்கவும் செய்தார். கதை ஆர்.கே. நாராயண், இசை எல். வைத்தியநாதன், இருவரும் தமிழர்கள். இயக்கியவர் கன்னடர், பேசிய மொழி இந்தி, படம் பிடித்த இடம் மலைநாட்டு அகும்பே. தமிழர் வேறு, கன்னடர் வேறு என்று மேடையில் முழங்குவோர், இரு சாராருமே, இந்தத் தொடரை ஒருமுறை பார்த்ததுண்டா?

நவம்பர் 9 சங்கர் நாக் பிறந்த நாள். அன்று மாலை பெங்களூர்த் தமிழ் அமைப்புகள் அக்கம்பக்கத்துக் கன்னடக் குடும்பங்களையும் அழைத்து, நாலு மால்குடிக் கதைகளைத் திரையிடட்டும். ஆட்டோக்காரர்களுக்கு முன்வரிசையில் இடம் போடட்டும்.