திருத்தத்திற்குக் கெடு வேண்டும்

இணையதளம் ஒன்றைத் திறக்கிறவர், அந்த ஸ்தாபனத்தின் பிரதானக் கணினியோடு தாம் நேரே பேசுவதாகவே எண்ணிக்கொள்கிறார். பெரிய ஸ்தாபனங்களில் பெரும்பாலும் நடப்பது அதுவன்று. முன்னால் ஒரு சர்வர் நின்று, வருகிற கோரிக்கையை வாங்கி, உள்ளே இருக்கும் உரிய கணினியிடம் சேர்ப்பித்து, அது தரும் பதிலை வெளியே கொண்டுவந்து கொடுக்கிறது. அப்பாச்சி என்னும் சர்வர் நிரலில் இந்த ஊழியத்தைச் செய்யும் பகுதிக்கு மாட் பிராக்ஸி என்று பெயர். ஜமீன் மாளிகையின் வாசலில் நின்று மனுக்களை வாங்கி உள்ளே கொண்டுபோகும் காரியஸ்தனுக்கு எல்லா அறைகளிலும் நுழையும் உரிமை உண்டாகையால், அவனை ஏமாற்றத் தெரிந்தவனுக்குச் சுவரேறிக் குதிக்கவேண்டிய அவசியமே இல்லை.

2021 செப்டம்பரில் அம்பலமாகி, சிவிஇ-2021-40438 என்று எண்ணிடப்பட்ட பழுது இந்த ரகத்தைச் சேர்ந்தது. ஒரே கணினிக்குள் இயங்கும் இன்னொரு நிரலோடு யூனிக்ஸ் சாக்கெட் என்னும் உள்வழியாகப் பேசும் வசதி, 2013 நவம்பரில் வெளியான 2.4.7 பதிப்பில் மாட் பிராக்ஸிக்குக் கிடைத்தது. அந்த உள்வழி எதுவென்பதை நிர்வாகிதான் அமைப்புக் கோப்பில் எழுதவேண்டும். பார்வையாளருக்கு அதில் எவ்விதச் சம்பந்தமும் இருக்கலாகாது. நிரலோ, ‘யூனிக்ஸ்’ என்ற குறிச்சொல் முகவரியின் தொடக்கத்தில் இருக்கிறதா என்று பாராமல், எந்த இடத்தில் காணப்பட்டாலும் அதை நிர்வாகியின் வாக்காகவே ஏற்றுக்கொண்டது. ஆகவே வெளியாள் ஒருவன் தன் கோரிக்கையிலேயே அச்சொல்லை எழுதி, அதன் பின்னே ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட பொய்ப் பாதை ஒன்றைச் சேர்த்து, அதற்கும் பின்னே தான் விரும்பிய முகவரியை வைத்தானாகில், பாதை அளவுக்கு மீறி நீண்டுவிட்டதென்று உள்வழியைக் கைவிட்ட நிரல், பிழையென்று கூறி அங்கேயே நின்றுவிடாமல், கடைசியில் கண்ட முகவரிக்குப் புறப்பட்டுவிடும். கோரிக்கை எங்கே போகவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் இவ்விதமாக நிர்வாகியின் கையிலிருந்து அந்நியன் கைக்கு மாறிவிடுகிறது.

இதனால் விளையக்கூடியது என்னவென்பதற்கு வெறும் ஊகம் தேவையில்லை. 2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் ஏறக்குறைய 10 கோடி அமெரிக்கர்களின் விவரங்களும் 60 லட்சம் கனடியர்களின் விவரங்களும் களவு போயின. அங்கே காரணம் மேற்சொன்ன நிரற்பழுதன்று. முன்னால் நிறுத்தப்பட்டிருந்த பாதுகாப்பு அரணைத் தவறாக அமைத்த பிழை. ஆனால் வழி ஒன்றே: வெளியிலிருந்து வந்த கோரிக்கையை நம்பி, முன்னால் நின்ற சர்வர், உள்ளிருப்போர்க்கு மட்டுமே உரிய முகவரிக்குச் சென்று சாவியை வாங்கிக் கொடுத்துவிட்டது. மறு ஆண்டு அந்த வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

அப்பாச்சிப் பழுதுக்கான திருத்தம் 2021 செப்டம்பர் நடுவிலேயே 2.4.49 பதிப்பாக வெளிவந்துவிட்டது. அவ்வாறிருந்தும், டிசம்பர் 1ஆம் தேதி அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, பிரத்யட்சமாகத் தாக்குதலுக்குப் பயன்பட்டுவரும் பழுதுகளின் பட்டியலில் இதனைச் சேர்க்க நேர்ந்தது. மருந்து கடைக்கு வந்து இரண்டரை மாதங்கள் கடந்த பின்னும் நோய் பரவிக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள். சிசா வெறும் எச்சரிக்கையோடு நிற்கவில்லை. மத்திய அரசின் சிவில் துறைகள் யாவும் டிசம்பர் 15க்குள் திருத்தியாக வேண்டும் என்று கெடுவும் வைத்தது. நம் வாதம் அந்தக் கெடுவைப் பற்றியதுதான்.

கெடு என்றவுடன் நிர்வாகிகளில் ஒரு சாரார் எழுப்பும் ஆட்சேபம் அற்பமானதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிராக்ஸி ஓட்டையை அடைத்த அதே 2.4.49 பதிப்பு, கோப்புப் பாதைகளைச் சீர்செய்யும் பகுதியில் புதியதோர் ஓட்டையைத் தன்னோடு கொண்டுவந்தது. அதை அடைக்க அக்டோபர் 4இல் 2.4.50 வந்தது, அந்த அடைப்பும் குறைபாடுடையதென்று தெரிந்து, அக்டோபர் 7இல் 2.4.51 வந்தது. முந்திக்கொண்டு புதுப்பித்தவர்களே புதிய அபாயத்தில் சிக்கினார்கள், பழைய பதிப்பிலேயே இருந்தவர்களை அந்த இரண்டாவது ஓட்டை தீண்டவில்லை என்பது முற்றிலும் உண்மை. “பொறுத்திருந்தவன் பிழைத்தான்” என்று பேச இதைவிட நல்ல திருஷ்டாந்தம் அவர்களுக்குக் கிடைக்காது.

ஆனால் திருஷ்டாந்தத்தைப் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் பார்க்கவேண்டும். இரண்டாவது ஓட்டை, கோப்புறைகளுக்கு வெளியார் அணுகலை அடியோடு மறுக்கும் வழக்கமான அமைப்பை யார் தளர்த்தியிருந்தார்களோ அவர்களையே தாக்கியது. அந்த விதியைக் கலைக்காதவர்களிடம் அது பலிக்கவில்லை. அன்றியும், டெபியன், ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் விநியோகஸ்தர்கள் முழுப் பதிப்பையும் மாற்றாமல், பிராக்ஸி பழுதுக்கான திருத்தத்தை மட்டும் தங்கள் பழைய பதிப்புகளில் ஒட்டிக் கொடுத்தார்கள். அவர்களிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டவர்களுக்கு முதல் நோயும் தீர்ந்தது, இரண்டாவதும் வரவில்லை. சும்மா இருப்பது அல்லது கண்ணை மூடிக்கொண்டு பாய்வது என்ற இரண்டே வழிகள்தாம் அன்று இருந்தன என்பது, சும்மா இருந்தவர்கள் பிற்பாடு கட்டிய கதை. பதிப்பெண்ணை மட்டும் பார்த்து, 2.4.51க்குக் கீழ்ப்பட்டதெல்லாம் பழுதானது என்று அறிக்கை எழுதும் தணிக்கையாளர்களும் இதைச் சற்று யோசிப்பது நலம்.

திருத்தம் ஒரே முயற்சியில் முடிந்துவிடாது என்பது இத்துறைக்குப் புதிதுமன்று. 2011இல் இதே பிராக்ஸி பகுதியில், திசைமாற்றும் விதியை எழுதும் நிர்வாகி உள்சர்வரின் பெயருக்குப் பின்னே ஒரு சாய்கோடு இடத் தவறினால், அந்நியன் ‘அட்’ குறியோடு தொடங்கும் கோரிக்கையை அனுப்பி, உள்சர்வரின் பெயரை வெறும் பயனர் பெயராக்கிவிட்டு, தான் குறித்த வேறொரு கணினிக்கு வழி பெறலாம் என்று கண்டுபிடிக்கப்பட்டது. அடைத்தார்கள், அடைப்பு போதவில்லை என்று அடுத்த மாதமே மற்றொருவர் காட்டினார், மீண்டும் அடைத்தார்கள். 2024 ஜூலையிலும், தைவானைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஆரஞ்சு சாய், சர்வரின் உட்பகுதிகள் ஒரே முகவரியை வெவ்வேறாகப் பொருள்கொள்வதால் எழும் பழுதுகளைத் தொகுத்துக் காட்டியதன் பேரில், ஒரே மாதத்தில் மூன்று பதிப்புகள் வெளிவந்தன. இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு, திருத்தங்களை நம்பலாகாது என்பதன்று. மூன்றாம் நாளே மறுதிருத்தம் வந்தாலும் அதை ஏற்று அமல் நடத்தக்கூடிய ஆட்களும், சோதித்துப் பார்க்க ஒரு மாற்றுக் கணினியும், எல்லா ஸ்தாபனத்திலும் நிரந்தரமாக இருக்கவேண்டும் என்பதே. அத்தகைய பழக்கம் உள்ள இடத்தில் 2.4.49இன் தொல்லை மூன்று வாரங்களில் முடிந்தது. பழக்கமில்லாத இடத்தில் முதல் ஓட்டை எத்தனை காலம் திறந்து கிடந்ததென்று கணக்கெடுப்பாரும் இல்லை.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, இணையத் தாக்குதல் நடந்ததை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும் என்றும், சர்வர் பதிவேடுகளை 180 நாட்கள் காக்கவேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்கிறது. இரண்டும் அவசியமானவையே. ஆயினும் வீடு தீப்பற்றிய பிறகு மணியடிப்பதற்குக் கெடு வைத்த அந்த ஆணை, தெரிந்த பழுதை எத்தனை நாளில் நீக்கவேண்டும் என்பதற்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. தாக்குதலுக்குப் பயன்பட்டுவருவதாக நிரூபணமான பழுதுகளை, பொதுமக்களின் விவரங்களைக் கையாளும் அரசுத் துறைகளும் வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் 2 வாரங்களுக்குள் திருத்தியாக வேண்டும் என்றும், இயலாதபோது, பிராக்ஸியை நிறுத்திவைத்தோ, உள்கணினிகளுக்கு அது செல்லும் வழிகளைச் சுருக்கியோ, என்ன மாற்றுக் காப்பு செய்யப்பட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் என்றும் அந்த ஆணை விரிவுபடுத்தப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இதனோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. அப்பாச்சி சர்வர் தன் சொந்தப் பெயரில் மட்டும் இயங்குவதில்லை. விலைகொடுத்து வாங்கும் பல சாதனங்களின் வயிற்றுக்குள்ளும் அது பெயரில்லாமல் இருக்கிறது. 2021இல் அம்பலமான அப்பாச்சிப் பழுதுகள் தன்னுடைய எந்தெந்தச் சாதனங்களைப் பாதிக்கின்றன என்று சிஸ்கோ நிறுவனமே தேடிப் பார்த்து 2021 நவம்பரில் அறிவிக்கவேண்டியிருந்தது. செய்து விற்றவருக்கே தேடவேண்டியிருக்கும்போது, வாங்கி மூலையில் மாட்டிவிட்ட ஜில்லா அலுவலகத்து அதிகாரிக்கு அது எங்கிருந்து தெரியும்? எனவே அரசு வெளியிடும் டெண்டர்களில், உள்ளே அடங்கிய நிரல்களின் முழுப் பட்டியலையும், சாதனம் உபயோகத்தில் இருக்கும் காலம் முழுவதும் திருத்தங்களைக் குறித்த நாட்களுக்குள் இலவசமாக வழங்கும் உத்தரவாதத்தையும் தராத விற்பனையாளரின் விலைப்புள்ளி எவ்வளவு மலிவாக இருந்தாலும் பரிசீலிக்கப்படமாட்டாது என்று ஒரு ஷரத்து சேர்க்கவேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நிதித்துறையின் சுற்றறிக்கை ஒன்றே போதும்.