எஞ்சினில் பொறித்த எண்

பழைய புல்லட் ஒன்றை விலை பேசப் போகிறவர்கள், அதன் பெயின்ட்டையும் டயரையும் எஞ்சின் ஓடும் சத்தத்தையும் அத்தனை சிரத்தையுடன் பரிசீலித்துவிட்டு, எஞ்சின் நம்பரை மட்டும் ஆர்.சி. புத்தகத்தில் பார்த்ததோடு திருப்தியடைந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 1955 முதல் சென்னையிலே உருவாகி வந்த அந்த வண்டியின் பழைய மாடல்களில், இடப்புறக் கிராங்க் கேஸின் மேல், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே எண் இருக்கிறது. பல வருஷத்து ஆயிலும் புழுதியும் இறுகி மூடியிருப்பதால் அது கண்ணில் படுவதில்லை.

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைக்க வேண்டும். உப்புத்தாளை அருகில் கொண்டுவரவே கூடாது, அதன் கீறல் பிற்பாடு வீண் சந்தேகத்துக்கு இடமளிக்கும். துடைத்த இடத்தில் சாக்குக் கட்டியைத் தேய்த்து, மேலாக வழித்துவிட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பள்ளங்களில் தங்கிய வெண்மை எழுத்தெழுத்தாக எழுந்து நிற்கும். உலோகத்திலிருந்து புடைத்துத் தெரியும் எண்கள் அச்சில் வார்க்கும்போதே விழுந்த பாகத்தின் எண்கள். அதே பாகம் பொருந்திய எல்லா வண்டிகளிலும் அவை ஒன்றாகவே இருக்குமாதலால், குழிவாகக் குத்திய எண்ணையே தேடவேண்டும்.

அந்த எண்ணை அரத்தால் ராவித் துடைத்துவிடுகிற திருடர்களும் உண்டு. ஆயினும், அச்சு விழும்போது எழுத்துக்கு அடியிலுள்ள உலோகமும் நசுங்கி இறுகிவிடுகிறபடியால், மேற்பரப்பு மறைந்த பின்பும் தடயவியல் நிபுணர்கள் இரும்பின் மீது தாமிர குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தடவி, மறைந்த இலக்கங்களை மறுபடி பிரத்தியட்சமாக்கிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் டிரையம்ஃப் கம்பெனியார் 1969-ஐ ஒட்டி, எண்ணுக்குப் பின்னணியாகத் தங்கள் சின்னத்தைச் சிறிது சிறிதாக நிரப்பி வைத்ததும், ராவினால் அதுவும் அழிந்து குட்டு வெளிப்பட வேண்டும் என்பதற்காகத்தான். எனக்கு மிகவும் பிடித்த யுக்தி அது.

நம் நாட்டிலும் 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் இவ்வெண்களைப் பொறிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. எஞ்சினையே மாற்றியவர், பதிவு அதிகாரியின் அனுமதியோடு புதிய எண்ணைச் சான்றில் ஏற்றியிருந்தால் குற்றமில்லை. ஏற்றாத வண்டியை வாங்குகிறவர் அந்தச் சிக்கலையும் சேர்த்தே வாங்குகிறார். ஆகையால், புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மெல்லிய காகிதத்தை எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.